கிரகர் மெண்டல்: எண்ணிக்கையில் அகப்படாத ஆய்வாளர்

உயர்தரத்தில் உயிரியல் பிரிவைத் தெரிவுசெய்த எவருக்கும் கிரகர் மெண்டலின் பெயர் புதியதன்று. பட்டாணிச் செடி, நெட்டை, குட்டை, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம், கட்டம் போட்ட ஓர் அட்டவணை. பரீட்சைக்கு இவ்வளவும் தெரிந்தால் போதும். ஆனால் நான் அவரது வாழ்க்கையைத் தேடி வாசித்தது பரீட்சைக்காக அல்ல. ஓர் ஆய்வு நல்ல ஆய்வா, அதனால் உலகுக்குப் பயன் உண்டா என்பதை எண்களால் அளந்துவிட முடியுமா என்ற கேள்வி என் மனதில் இருந்தது. இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் ஆய்வாளர்களை அப்படித்தான் அளக்கின்றன. அந்தக் கேள்வியோடு தேடியபோது, எல்லா அளவுகோலுக்கும் வெளியே நின்ற ஒரு மனிதராக மெண்டல் எனக்குத் தென்பட்டார்.

மெண்டல் 1822 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஹைன்சென்டோர்ஃப் என்ற சிறிய கிராமத்தில் பிறந்தார். அன்று அது ஒஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது; இன்று செக் குடியரசில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் யோகான். தந்தை அன்டன் ஓர் ஏழை விவசாயி. வாரத்தில் மூன்று நாட்கள் நிலப்பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்துவிட்டு, மீதி நாட்களில்தான் தனது நிலத்தைப் பார்க்க வேண்டும். யோகானுக்கு மூத்த சகோதரி வெரோனிக்கா, இளைய சகோதரி தெரேசியா. வீட்டில் ஒரே ஆண்பிள்ளை என்பதால் நிலம் அவனுக்கே என்று எல்லோரும் எண்ணியிருந்தனர்.

பையனின் கெட்டித்தனத்தைக் கண்ட கிராமத்து ஆசிரியர் மேற்படிப்புக்கு அனுப்புமாறு பெற்றோரைத் தூண்டினார். பன்னிரண்டு வயதில் ட்ரோப்பாவ் நகரத்துப் பாடசாலையில் சேர்ந்தார். தங்கியிருந்த இடத்தில் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டப் பெற்றோரிடம் வசதி இருக்கவில்லை. அரைச் சாப்பாட்டுக்கே கட்டினார்கள். 1838 இல் மரம் ஒன்று சரிந்து விழுந்து தந்தை கடுமையாகக் காயமடைந்தார். அதன்பின் அவரால் முன்போல் உழைக்க முடியவில்லை. பதினாறு வயது மாணவன் வேறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் செலவைத் தானே பார்க்க வேண்டியதாயிற்று. பசியும் கவலையும் சேர்ந்து அடிக்கடி நோயில் வீழ்த்தின. ஒல்முட்ஸ் நகரில் மேற்கல்வியைத் தொடங்கியவர், ஒரு கட்டத்தில் படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார்.

அந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். முடியாமற் செய்தவர் தங்கை தெரேசியா. தனக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த சீதனத்தில் ஒரு பகுதியை அவர் அண்ணனின் படிப்புக்குக் கொடுத்தார். அக்காலத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சீதனம் என்பது அவளது எதிர்காலம் முழுவதும். அதைக் குறைத்துக்கொண்டு அண்ணனை மீண்டும் ஒல்முட்ஸுக்கு அனுப்பினார். பாடநூலில் மெண்டலின் படத்துக்குப் பக்கத்தில் தெரேசியாவின் பெயர் இல்லை. ஆனால் பட்டாணி ஆய்வுக்குக் கிடைத்த முதலாவது நிதியுதவி அந்தச் சீதனப் பணம்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஒல்முட்ஸில் படிப்பை முடித்தபின் மேலே செல்லப் பணம் இல்லை. பௌதிகவியற் பேராசிரியர் ஒருவரின் சிபாரிசுடன் 1843 இல் புர்னோ நகரத்துப் புனித தோமா மடத்தில் சேர்ந்தார். அங்கேதான் கிரகர் என்ற பெயர் கிடைத்தது. அந்த மடம் வெறும் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. பெரிய நூலகம் இருந்தது. துறவிகள் பாடசாலைகளில் கற்பித்தார்கள். தலைவர் சிரில் நாப் பயிர் வளர்ப்பிலும் கால்நடை வளர்ப்பிலும் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவர். சோற்றுக் கவலையின்றிப் படிக்கக் கிடைத்த முதல் இடம் மெண்டலுக்கு அதுவே.

அவர் ஆசிரியராக விரும்பினார். 1849 இல் ஸ்னைம் நகரில் தற்காலிக ஆசிரியராகக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. நிரந்தர நியமனத்துக்கு அரசாங்கப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். 1850 இல் தோற்றினார்; சித்தியடையவில்லை. பின்னாளில் உயிரியலுக்கே அடித்தளமிட்ட அவர் தவறிய பகுதி இயற்கை வரலாறு என்பதுதான் வியப்பு. ஆனாலும் மடத்துத் தலைவர் அவரைக் கைவிடவில்லை. 1851 இல் வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே கிறிஸ்தியன் டொப்ளரிடம் பௌதிகவியலும், ஃபிரான்ஸ் உங்கரிடம் தாவரவியலும் கற்றார். ஒலியலைகள் பற்றிய பாடத்தில் நாம் படிக்கும் அதே டொப்ளர்தான். எதையும் எண்ணிப் பார், எண்ணியதைக் கணிதத்தில் எழுதிப் பார் என்ற பழக்கம் அங்கே அவரிடம் ஊறியிருக்க வேண்டும்.

புர்னோ திரும்பி 1854 முதல் மீண்டும் தற்காலிக ஆசிரியராகக் கற்பித்தார். 1856 இல் இரண்டாம் முறை பரீட்சைக்குப் போனவர் நோயுற்று இடைநடுவில் விலகினார். சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவே இல்லை. புர்னோவில் கற்பித்த 14 ஆண்டுகளும் தற்காலிக ஆசிரியராகவே கற்பித்தார். புள்ளியை மட்டும் பார்த்தால், வியன்னாவுக்கு இருமுறை சென்று இருமுறையும் வெறுங்கையோடு திரும்பிய ஒருவர். ஆனால் அந்த 1856 ஆம் ஆண்டிலேயே மடத்துத் தோட்டத்தில் அவரது பெரும்பணி தொடங்கியது.

தோட்டம் சிறியது. நீளம் சுமார் 35 மீற்றர், அகலம் 7 மீற்றர். விதை வியாபாரிகளிடமிருந்து 34 வகைப் பட்டாணி விதைகளை வரவழைத்து, இரண்டு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்து, தலைமுறைதோறும் இயல்பு மாறாதவை எவை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அவற்றுள் 22 வகைகளைத் தெரிந்தெடுத்தார். வித்தின் வடிவம், வித்தின் நிறம், பூவின் நிறம், காயின் வடிவம், காயின் நிறம், பூ அமைந்த இடம், தண்டின் உயரம் என ஏழு இயல்புகளை மட்டும் கவனிப்பது என்று முடிவு செய்தார். பட்டாணிப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. ஆகவே மொட்டு விரியும் முன் ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகளைப் பிடுங்கிவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவி, வண்டுகள் அண்டாதபடி சிறு பையால் மூடிக்கட்ட வேண்டும். எட்டு ஆண்டுகள் இந்த வேலை நடந்தது.

பிறகு எண்ணினார். உருண்டை வித்துச் செடியையும் சுருங்கிய வித்துச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவற்றைத் தம்முள் கருக்கட்டவிட்டபோது அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருங்கல். நிறத்தைப் பார்த்தபோது 6022 மஞ்சள், 2001 பச்சை. தண்டின் உயரத்தில் 787 நெட்டை, 277 குட்டை. எங்கும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. அத்தோடு நிற்கவில்லை. உருண்டை வித்துகளை விதைத்து 565 செடிகளை வளர்த்தார். அவற்றுள் 193 செடிகள் உருண்டை வித்துகளை மட்டும் தந்தன. 372 செடிகள் இரண்டையும் தந்தன. வெளியில் ஒரேமாதிரித் தோன்றும் வித்துகளுக்குள் இருவகை உள்ளன என்பது அப்போது விளங்கியது. பெற்றோரின் இயல்புகள் பாலும் நீரும் போலக் கலந்து கரைந்துபோவதில்லை. மறைந்திருந்து, பேரப்பிள்ளையில் முழுமையாகத் திரும்பி வருகின்றன. இன்று பிறப்புரிமையியல் என்று நாம் கற்கும் துறை அந்த வித்துகளிலிருந்து முளைத்தது.

1865 பெப்ரவரி 8 ஆம் திகதியும் மார்ச் 8 ஆம் திகதியும் புர்னோ இயற்கை ஆய்வுக் கழகத்தில் தமது முடிவுகளை வாசித்தார். 1866 இல் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தது. அது ஐரோப்பாவெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களுக்கும் கழகங்களுக்கும் சென்றது. மெண்டல் தனிப்பட 40 பிரதிகளைப் பெற்று அறிஞர்கள் சிலருக்கு அனுப்பினார். ஆகவே எங்கோ மூலையில் ஒளித்து வைக்கப்பட்ட கட்டுரை அன்று அது. கண்ணெதிரே இருந்தது, கண்டுகொள்வார் இருக்கவில்லை.

இங்கேதான் எனது கேள்விக்கு வருகிறேன். இன்று ஒரு கட்டுரையின் தாக்கத்தை அளக்கும் முதன்மையான வழி, பிற ஆய்வாளர்கள் அதைத் தமது கட்டுரைகளில் எத்தனை தடவை எடுத்துக்காட்டினார்கள் என்று எண்ணுவது. 1955 இல் யூஜின் கார்பீல்ட் என்ற அமெரிக்கர் இத்தகைய எடுத்துக்காட்டுகளுக்கு ஓர் அட்டவணை வேண்டும் என்று எழுதினார். 1960களில் அதை உருவாக்கியும் காட்டினார். ஒரு கட்டுரையிலிருந்து அதைப் பின்தொடர்ந்த கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே அவரது முதல் நோக்கம். எந்தச் சஞ்சிகைகளை அட்டவணையில் சேர்ப்பது என்று தீர்மானிக்கத் தாக்கக் காரணி என்ற கணக்கு உதவியது. ஒரு சஞ்சிகை முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் எத்தனை தடவை எடுத்துக்காட்டப்பட்டன என்பதை, அக்கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. 2005 இல் ஹோர்கே ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் தனி ஆய்வாளர்களுக்கும் ஒரு கணக்குச் சொன்னார். ஒருவரது கட்டுரைகளுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை எடுத்துக்காட்டப்பட்டு, பதினொன்றுக்கு அப்படிச் சொல்ல முடியாவிட்டால், அவரது எச் சுட்டெண் பத்து.

இந்தக் கணக்குகளை மெண்டலுக்குப் போட்டுப் பார்த்தேன். 1866 இல் வந்த கட்டுரை தாக்கக் காரணியில் இடம்பெறும் ஆண்டுகள் 1867 உம் 1868 உம். ஆனால் அக்கட்டுரையைக் குறிப்பிட்டதாக முதலில் அறியப்படும் நூல் 1869 இல் ஜேர்மனியில் வெளியானது. இரண்டு வரலாற்றாசிரியர்கள் பழைய நூல்களையெல்லாம் துழாவி 1968 இல் வெளியிட்ட கட்டுரையில், 1900 க்கு முன் மெண்டலைக் குறிப்பிட்ட இடங்கள் பதினொன்று என்று காட்டினார்கள். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பதினொன்று! பின்னர் இன்னும் சில அகப்பட்டன. ஆயினும் தொகை பெரிதாகவில்லை. எச் சுட்டெண்ணோ கட்டுரைகளின் எண்ணிக்கையை ஒருபோதும் தாண்டாது. தாவரக் கலப்பினம் பற்றி மெண்டல் எழுதியவை இரண்டே கட்டுரைகள். ஆகவே அத்துறையில் அவர் எட்டக்கூடிய உச்சம் இரண்டு. இன்றைய நேர்முகப் பரீட்சை ஒன்றில் இந்த எண்களோடு அவர் வந்து நின்றால் கதவு திறக்குமா என்பது சந்தேகமே.

அப்படியானால் எண்களை ஒதுக்கிவிட்டு அறிஞர்களின் தீர்ப்பை நம்பலாமா? மெண்டலின் வாழ்க்கை அதற்கும் இலகுவில் ஆம் என்று சொல்லவில்லை. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் கார்ல் நேகெலி அக்காலத்தின் பெரிய தாவரவியலாளர்களுள் ஒருவர். மெண்டலின் கட்டுரை அவருக்குக் கிடைத்தது. 1866 முதல் 1873 வரை இருவருக்கும் கடிதத் தொடர்பும் இருந்தது. வாசித்தும் அவர் அதன் பெறுமதியை உணரவில்லை. தாம் ஆராய்ந்துவந்த ஹைராசியம் என்ற செடியில் பரிசோதிக்குமாறு மெண்டலை ஊக்கினார். அச்செடி பெரும்பாலும் கருக்கட்டலின்றியே வித்து உண்டாக்கும் வகை. இது அன்று எவருக்கும் தெரியாது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெரியவந்தது. எனவே பட்டாணியில் கண்ட விகிதம் அதில் தோன்றவில்லை. நுண்ணிய பூக்களோடு போராடி மெண்டலின் கண்களும் களைத்துப்போயின. 1884 இல் நேகெலி பரம்பரையும் கூர்ப்பும் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். அதில் மெண்டலின் பெயர் இல்லை.

எண்ணும் தவறலாம், அறிஞரும் தவறலாம். அன்று கார்பீல்டின் அட்டவணை போன்ற ஒன்று இருந்திருந்தால், கலப்பினம் பற்றித் தேடிய யாரோ ஓர் இளைஞர் மெண்டலை முன்னதாகவே கண்டிருக்கவும் கூடும். ஆகவே அட்டவணை மீது எனக்குக் கோபமில்லை. தேடுவதற்கென்று செய்த கருவியைத் தராசாக மாற்றி, மனிதரை அதில் நிறுப்பதுதான் என்னை யோசிக்கவைக்கிறது.

எண்ணி எண்ணியே உண்மையைக் கண்டவர் மெண்டல். அவர் எண்களை வெறுத்தவர் அல்லர். ஆனால் எதை எண்ணுகிறோம், அந்த எண் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள இரண்டு ஆண்டுகள் செலவிட்ட பிறகே கலப்பைத் தொடங்கினார். அவரது எண்களும் கேள்விக்கு அப்பாற்பட்டவை அல்ல. 1936 இல் ரொனால்ட் பிஷர் என்ற புள்ளிவிபரவியல் அறிஞர், அவை எதிர்பார்த்த விகிதத்தோடு தற்செயலுக்கு மீறிப் பொருந்துகின்றன என்று கணித்துக் காட்டினார். ஏன் அப்படி என்பது பற்றி அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். இருந்தும் அவர் கண்ட விதியை பிறர் வேறு தோட்டங்களில் விதைத்துச் சரிபார்த்துவிட்டார்கள். ஓர் ஆய்வின் தரத்துக்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1868 இல் மெண்டல் மடத்தின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். நிர்வாகப் பொறுப்புகள் ஆய்வுக்கான நேரத்தை விழுங்கின. மடங்களுக்கு வரி விதித்து 1874 இல் வந்த சட்டத்தை எதிர்த்து அரசாங்கத்தோடு நடத்திய நீண்ட பிணக்கு அவரது கடைசி ஆண்டுகளைக் கசப்பாக்கியது. ஆயினும் வானிலைக் குறிப்புகளை நாள்தோறும் எழுதினார், தேனீ வளர்த்தார், 1870 இல் புர்னோவைத் தாக்கிய சுழல்காற்றைப் பற்றிக் கவனமாக எழுதி வைத்தார். தங்கையின் கடனையும் மறக்கவில்லை. தெரேசியாவின் மூன்று புதல்வர்களின் படிப்புக்கு உதவினார்; அவர்களுள் இருவர் வைத்தியர்களாயினர். 1884 ஜனவரி 6 ஆம் திகதி சிறுநீரக நோயினால் காலமானார். நகரத்து மக்கள் நல்ல மனிதர் ஒருவரை இழந்ததாகத் துக்கப்பட்டார்கள். விஞ்ஞான மேதை ஒருவரை இழந்தது அவர்களுக்குத் தெரியாது. அவரது ஆய்வுத் தாள்களுள் பெரும்பாலானவை எரிக்கப்பட்டுவிட்டன.

பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1900 ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் ஹியூகோ டி விரீஸ், ஜேர்மனியில் கார்ல் கொரென்ஸ், ஒஸ்திரியாவில் எரிக் செர்மாக் ஆகியோர் சில மாத இடைவெளியில் தத்தம் ஆய்வுகளை வெளியிட்டு, மெண்டல் தமக்கு முன்னரே இதைக் கண்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். இவர்களுள் கொரென்ஸ் நேகெலியின் உறவுப் பெண்ணை மணந்தவர். மெண்டல் நேகெலிக்கு எழுதிய கடிதங்களைப் பின்னர் வெளியிட்டவரும் அவரே. இங்கிலாந்தில் வில்லியம் பேட்சன் மெண்டலின் பெயரை ஊரறியச் செய்தார். இப்படி நெடுங்காலம் உறங்கித் திடீரென விழிக்கும் கட்டுரைகளை ஆய்வளவையாளர்கள் இன்று உறங்கும் அழகிகள் என்று அழைக்கிறார்கள். இரண்டு ஆண்டுக் கணக்கு உறங்குவோரை எண்ணாது.

எனது ராத்தா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்றவர். நெல்வயற் களைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையும், விவசாயிகளுக்கென்று தமிழில் ஒரு சிறுநூலும் எழுதினார். மேற்படிப்புக்கான விண்ணப்பப் படிவத்தில் கட்டுரைக்கு ஒரு கட்டம் இருந்தது. எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்று கேட்க இன்னொரு கட்டம் இருந்தது. சிறுநூலுக்குக் கட்டமே இல்லை. ஆனால் அச்சிறுநூலைக் கையில் வைத்துக்கொண்டு களை பிடுங்குவோரை எங்கள் ஊர் வயலில் நான் கண்டிருக்கிறேன். 2013 இல் வெளியிடப்பட்ட சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், சஞ்சிகையின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிட வேண்டாம் என்று கேட்கிறது. 2015 இல் வந்த லைடன் அறிக்கையோ எண்கள் தீர்ப்புக்குத் துணைநிற்க வேண்டுமேயன்றித் தீர்ப்பாகிவிடக் கூடாது என்றும், உள்ளூர் மொழிகளில் நடக்கும் நல்லாய்வைக் காக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. பெரிய பல்கலைக்கழகங்களே இதைச் சிந்திக்கத் தொடங்கிவிட்டன.

நம் வீடுகளிலும் இதைச் சிந்திக்கலாம். வெட்டுப்புள்ளியும் இசட் புள்ளியும் நமக்குத் தேவை; ஆயிரக்கணக்கானோருக்கு இடம் பகிர வேறு நியாயமான வழி எளிதில் கிடைக்காது. அதற்காக உழைப்பதும் நமது கடமை. ஆனால் அந்த எண் எமது ஒரு நாளின், சில வினாத்தாள்களின் அளவு மாத்திரமே. மகளின் பெறுபேற்றுத் தாளைக் கையில் எடுக்கும் உம்மாவும் வாப்பாவும், பரீட்சையில் சித்தியடையாத ஓர் ஆசிரியரை வியன்னாவுக்கு அனுப்பிய அந்த மடத்துத் தலைவரை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் நல்லது. அண்ணனின் படிப்புக்காகத் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும் தங்கைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களது கணக்கை எழுத எந்த அட்டவணையும் இல்லை. தெரேசியாவின் அண்ணன் அந்தக் கணக்கை அவளது பிள்ளைகளைப் படிக்கவைத்துத் தீர்த்தார். நமது அண்ணன்மாரும் தம்பிமாரும் அதே வழியில், தங்கையின் பிள்ளைகள் வரை காத்திராமல், தங்கையையே படிக்கவைத்துத் தீர்க்கலாம்.